ஆடிட் ஆபீஸ் எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேலி என்ற கணக்கு மென்பொருளில் கை பறக்கும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். ஆனால் கிளையண்டுக்கு நாலு வரி மெயில் எழுதச் சொன்னால் அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடிட்டர் ஆபீஸ்களிலும் கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவுகளிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நம் ஆபீஸ்களில் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. ஆனாலும் உதாரணங்களைத் தமிழிலேயே தருகிறேன். கடிதத்தின் எலும்புக்கூடு எந்த மொழியிலும் ஒன்றுதான்.

கணக்கு எழுதத் தெரிந்தால் போதாதா? கடிதமும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஒரு வவுச்சரை எப்படிப் போடுகிறோம்? தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் ஒப்புதல் கொடுத்தது, பின்னால் பில். போட்டவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆனாலும், அதை எடுத்துப் பார்ப்பவருக்கு விஷயம் புரியும். அதே ஆள் எழுதிய மெயிலைப் பாருங்கள்: "சார், நேற்று பேசியபடி அந்த டீடெயில்ஸ் அனுப்பவும்." எந்த டீடெயில்ஸ்? யார் யாரிடம் பேசியது? எழுதியவருக்கே அடுத்த மாதம் நினைவிருக்காது.

கடிதத்தையும் வவுச்சர் மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. இன்று அதைப் படிப்பவர் ஒருவர். ஒரு நோட்டீசோ தகராறோ வந்த பிறகு கோப்பைத் திறப்பவர் இன்னொருவர். அந்த இரண்டாம் ஆளுக்கும், நம்மைக் கூப்பிட்டுக் கேட்காமலே புரிய வேண்டும்.

எதை எழுதிப் பழக ஆரம்பிக்கலாம்?

ஆவணம் கேட்கும் மெயில். நாம் அதிகம் எழுதுவதும் அதுதான், அதிகம் சொதப்புவதும் அதுதான்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. மாணவர் ஆடிட்டரிடம் செய்யும் பயிற்சி) சேர்ந்த புதிதில் ஒரு நூல் வியாபாரிக்கு "பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பவும்" என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அவர் மனைவியின் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை. வீட்டில் மொத்தம் ஐந்து கணக்குகள். எது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கா, வருடம் முழுவதற்குமா என்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன். பொருள்: "2024-25 தணிக்கை: இரண்டு ஆவணங்கள் தேவை, ஜூலை 18-க்குள்." உள்ளே: "ஐயா, வங்கி ஒப்பீட்டை முடிக்க இரண்டு ஆவணங்கள் பாக்கி. ஒன்று, 4471 என்று முடியும் நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், 1 ஏப்ரல் 2024 முதல் 31 மார்ச் 2025 வரை, பி.டி.எஃப். வடிவில். இரண்டு, அதே கணக்கின் ஓவர்டிராஃப்ட் அனுமதிக் கடிதம். ஜூலை 18, வெள்ளி மாலைக்குள் கிடைத்தால் மாத இறுதியில் வரைவுக் கணக்கைத் தந்துவிடுவோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று அது சொல்கிறது. "உடனே அனுப்பவும்" என்று பத்து தடவை எழுதினாலும் அந்த வேலை நடக்காது. பொருள் வரியில் கெடு தேதி இருக்கட்டும். பல முதலாளிகள் மெயிலைத் திறக்காமல் அந்த வரியை மட்டும்தான் பார்க்கிறார்கள். அப்புறம், ஒரு மெயிலில் ஒரு விஷயம். தணிக்கை ஆவணத்தோடு நம் ஃபீஸ் பாக்கியையும் சேர்த்துக் கேட்டால் இரண்டுமே வராது.

எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. என்னால் முடியுமா?

முடியும். கணக்கு வேலைக்குத் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் குறைவு. திரும்பத் திரும்ப அவையேதான் வரும். பெரும்பாலும் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யாமல் தட்டச்ச ஆரம்பிப்பதில்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர், "அந்தப் பார்ட்டிக்கு என்னப்பா எழுதப் போற?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மார்ச் பில் ரெண்டு வரல அண்ணா, வெள்ளிக்குள்ள வேணும்னு கேக்கணும்." கடிதம் முடிந்தது. இனி அதை ஆங்கிலத்தில் இரண்டு சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல், யார் செய்தார் என்ற எழுவாய். இந்த இரண்டும் இருந்தாலே பாதிப் பிழைகள் போய்விடும். "கவனிக்கப்பட்டது", "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதும்போதுதான் வாக்கியம் நீண்டு, நடுவில் இலக்கணம் உடைகிறது. "நாங்கள் பார்த்தோம்", "உங்கள் காசாளர் சொன்னார்" என்று எழுதுங்கள்.

"டூ த நீட்ஃபுல்", "கைண்ட்லி ரிவர்ட்" எல்லாம் தப்பா?

உள்ளூருக்குள் எல்லோருக்கும் புரிகிறது, அதனால் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் "நீட்ஃபுல்" என்றால் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்துப் போட வேண்டுமா, பணம் கட்ட வேண்டுமா, சும்மா படித்தால் போதுமா? அந்தச் செயலையே எழுதிவிடுங்கள். "ரிவர்ட்" என்பதை நாம் பதில் எழுது என்ற பொருளில் போடுகிறோம். வெளிநாட்டில் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்பு என்றுதான் படும். "பி.எஃப்.ஏ." (ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு) என்று மொட்டையாகப் போடாமல் இணைப்பின் பெயரையும் எத்தனை பக்கம் என்பதையும் சொல்லுங்கள். "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று தொடங்கும் முதல் வரியைத் தாராளமாக வெட்டலாம். பொருள்தான் மேலேயே இருக்கிறதே!

வெளிநாட்டுக் கிளையண்டுக்கு எழுதும்போது என்ன மாற வேண்டும்?

சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு லண்டன், சிட்னி, டல்லாஸ் கணக்குகளைப் பார்ப்பவர்கள் இப்போது ஏராளம். அவர்கள் தடுக்கி விழுவது இலக்கணத்தில் அல்ல, எண்களில். 12,50,000 என்று நாம் போடும் காற்புள்ளி அவர்களுக்கு அச்சுப்பிழை போலத் தெரியும். 1,250,000 என்று போட வேண்டும். 03/04/2025 என்பது லண்டன்காரருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வம்பில்லை.

"போன வருடம்" என்ற சொல்லும் ஆபத்தானது. நமக்கு வருடம் ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பிரிட்டனில் தனிநபர் வரி வருடம் ஏப்ரல் 6-இல், ஆஸ்திரேலியாவில் ஜூலை 1-இல். முடியும் தேதியைச் சொல்லிவிடுங்கள். "ஸ்டாக்" என்றால் பிரிட்டனில் சரக்கு இருப்பு, அமெரிக்காவில் பங்கு. மற்றபடி, அவர் தன் பெயரை மட்டும் போட்டு மெயில் முடித்தால் நீங்களும் பெயர் சொல்லியே தொடங்கலாம். "ரெஸ்பெக்டட் சார்" அங்கே யாருக்கும் மரியாதையாகப் படாது.

பாக்கி கேட்டு எழுதினால் உறவு கெட்டுவிடுமே?

கெடுப்பது பாக்கி கேட்பதல்ல, கேட்கும் விதம். முதல் கடிதத்தில் குற்றம்சாட்டும் தொனியே வேண்டாம்: பில் எண், தேதி, தொகை, கெடு, வங்கி விவரம், "ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யு.டி.ஆர். எண்ணைத் தெரிவியுங்கள்" என்ற ஒரு வரி (யு.டி.ஆர். என்பது வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்). பாதிப் பாக்கி இதிலேயே வந்துவிடும், ஏனென்றால் பல இடங்களில் பில் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கடிதத்தில் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள். மூன்றாவதில்தான் சட்டம் பேச வேண்டும். உங்கள் நிறுவனம் உத்யம் பதிவுள்ள (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) குறு அல்லது சிறு உற்பத்தியாளராகவோ சேவை நிறுவனமாகவோ இருந்தால் கையில் நல்ல ஆயுதம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. போதாததற்கு, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை, வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 1961-ஆம் வருடச் சட்டத்தில் அது 43பி(எச்) பிரிவு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. இதை மிரட்டலாக எழுதத் தேவையில்லை. "மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் உங்கள் வரிக் கணக்கிலும் சிக்கல் வராது" என்று எழுதிப் பாருங்கள். அவருடைய ஆடிட்டரே அவரை விரட்டுவார்.

ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் எழுதுவது எப்படி?

எழுதுவதற்கு முன்னால் நோட்டீசை முழுதாகப் படியுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பதில்கள் நோட்டீஸ் கேட்காத கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. எந்தப் படிவம் என்று பாருங்கள். ரிட்டர்னைப் பரிசீலித்து விளக்கம் கேட்பது ஏ.எஸ்.எம்.டி.-10; அதற்குப் பதில் ஏ.எஸ்.எம்.டி.-11 வழியாக. காரணம் கேட்கும் நோட்டீஸின் சுருக்கம் டி.ஆர்.சி.-01, அதற்குப் பதில் டி.ஆர்.சி.-06. எந்த நிதியாண்டு, எந்தப் பிரிவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரி பாக்கி கேட்கும் நோட்டீஸ் என்றால் 2023-24 வரைக்கும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 73, 74 பிரிவுகள். 2024-25 முதல் 74ஏ. பழைய பதிலை நகலெடுத்து ஒட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதுதான் உள்ளீட்டு வரிக் கிரெடிட், சுருக்கமாக ஐ.டி.சி. அதை நாம் எடுப்பது 3பி ரிட்டர்னில். விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. போர்ட்டல் தரும் பட்டியல் 2பி. 2023-24-இல் 3பி ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரிக் கிரெடிட் ரூ.18,42,600, 2பி-யில் தெரிவது ரூ.16,90,200, வித்தியாசம் ரூ.1,52,400, இதற்கு விளக்கம் தருக என்று நோட்டீஸ். நான் பார்த்த பல பதில்கள் "இந்த நோட்டீஸ் தன்னிச்சையானது, இயற்கை நீதிக்கு முரணானது" என்று தொடங்கி, மூன்று பக்கம் தீர்ப்புகளை அடுக்கி, அந்த 1,52,400 எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் முடிந்திருக்கின்றன.

அதிகாரிக்கு வேண்டியது கணக்கு ஒப்பீடு. முதல் பத்தியிலேயே கொடுங்கள்: "வித்தியாசம் ரூ.1,52,400 மூன்று காரணங்களால் ஏற்பட்டது. ரூ.96,000: இந்த பில்கள் 2023 மார்ச் மாத 2பி-யில் வந்தவை, சரக்கு ஏப்ரலில் வந்து சேர்ந்ததால் கிரெடிட்டை ஏப்ரலில் எடுத்தோம், இணைப்பு 1. ரூ.41,400: பதிவு பெறாத சேவையாளருக்காக ஆர்.சி.எம். முறையில் நாங்களே கட்டிய வரி; இது 2பி-யில் வராது, இணைப்பு 2. ரூ.15,000: ஒரே பில்லை இருமுறை பதிந்துவிட்டோம், இது எங்கள் பிழை, வட்டியுடன் டி.ஆர்.சி.-03 படிவம் மூலம் கட்டிவிட்டோம், இணைப்பு 3." கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதிகாரியும் முதலில் கூட்டித்தான் பார்ப்பார்.

அந்த 15,000-ஐ ஒப்புக்கொள்ளக் கிளையண்டுக்கு மனம் வராது. ஆனால் அதை நேராகச் சொல்லும்போதுதான் மற்ற 1,37,400-க்கான விளக்கம் நம்பும்படி இருக்கிறது. சட்ட வாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குக்குப் பின்னால் வரட்டும்.

இணைப்பின் அமைப்பிலும் சட்டம் ஒளிந்திருக்கும். 2017-18, 2018-19 ஆண்டுகளின் 2ஏ (2பி போன்ற இன்னொரு பட்டியல்) வித்தியாசங்களுக்காக 2022 டிசம்பர் 27-இல் வந்த ஜி.எஸ்.டி. 183-ஆம் சுற்றறிக்கை, விற்றவர் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் வித்தியாசம் 5 லட்சத்தைத் தாண்டினால் சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) சான்றிதழ் வேண்டும், 5 லட்சம் வரை என்றால் விற்றவரே கொடுக்கும் சான்று போதும் என்றது. மாதவாரியாகப் பட்டியல் போட்டவர்கள் விற்றவர்வாரியாக மறுபடி உட்கார்ந்து போட்டார்கள். யார் எந்த அளவுகோலால் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு அட்டவணையைப் போடுங்கள்.

கடைசியில் இரண்டு வரி: என்ன கோருகிறீர்கள் என்பது ஒன்று, "பாதகமான முடிவு எடுப்பதாக இருந்தால் 75(4) பிரிவின்படி நேர் விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டுகிறோம்" என்பது இன்னொன்று. கெடு போதாவிட்டால் சும்மா இருக்காதீர்கள். காரணத்தோடும், எந்தத் தேதிக்குள் தருவோம் என்பதோடும் அவகாசம் கேட்டு எழுதுங்கள். போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கேயும் பார்க்க மறக்க வேண்டாம்.

வருமான வரி நோட்டீசுக்கும் இதே முறையா?

ஆமாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டம் அமலாகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய ஆண்டுகளின் நடவடிக்கைகள் பழைய சட்டப்படியே நடப்பதால் கொஞ்ச காலம் இரண்டு எண்களும் மேசையில் கிடக்கும். வெறும் பிரிவு எண்ணை எழுதாமல் எந்தச் சட்டம் என்பதையும் எழுதுங்கள். முகமில்லா மதிப்பீட்டில் உங்கள் பதிலைப் படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. நேரில் போய் "சார், அது வந்து..." என்று விளக்கவும் வழியில்லை, எழுத்துதான் எல்லாம்.

ஆடிட்டில் கண்ட குறையை எழுதினால் கிளையண்ட் கோபப்படுகிறாரே?

"ரொக்கக் கட்டுப்பாடு பலவீனமாக உள்ளது" என்று எழுதினால் கோபம் வரத்தான் செய்யும். அது தீர்ப்பு; பார்த்தது எங்கே? இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான 62 ரொக்க வவுச்சர்களைப் பார்த்தோம். 9-இல் ஒப்புதல் கையெழுத்து இல்லை, தொகை ரூ.1,14,300. அவற்றில் 3, ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் கொடுத்தவை. இவை வருமான வரியில் செலவாக ஏற்கப்படாமல் போகலாம். மேலாளர் விடுப்பில் இருக்கும் நாட்களில் கையெழுத்திட வேறு ஆள் இல்லை என்று காசாளர் சொன்னார். மாற்று ஆள் ஒருவரை நியமிக்கப் பரிந்துரைக்கிறோம்." யாரையும் திட்டவில்லை. பணம் போகிறது என்பதும் புரிகிறது, சரிசெய்யும் வழியும் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் அந்தக் காசாளரிடமும் மேலாளரிடமும் வரைவைக் காட்டிவிடுங்கள். எண் தப்பாக இருந்தால் அங்கேயே தெரியும். முக்கியமான குறைகளை நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எஸ்.ஏ. 265 தணிக்கைத் தரத்தின் கட்டளை. டீ குடிக்கும்போது வாயால் சொன்னது கணக்கில் வராது.

சான்றிதழில் எந்தச் சொல்லைப் போடுவது?

இதில் மட்டும் அழகைப் பார்க்காதீர்கள், சொல்லின் எடையைப் பாருங்கள். தணிக்கை அறிக்கை தருவது கருத்து. நியாயமான அளவு உறுதி, உண்மையும் நியாயமுமான தோற்றம் என்பவை அதன் சொற்கள். "கணக்கு முழுவதும் சரி" என்று எழுதினால், செய்யாத வேலைக்குப் பொறுப்பேற்கிறீர்கள். எந்த ஏட்டை, எந்தத் தேதி வரை, எந்த ஆவணத்தை வைத்துப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். வங்கிக் கடனுக்காக அடுத்த மூன்று வருட லாப மதிப்பீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். வரப்போகும் லாபத்துக்கு நாம் உத்தரவாதம் தருவதாகத் தோன்றும்படி நம் பெயரைப் பயன்படுத்த விடுவது, 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம். அப்புறம், 18 இலக்க யு.டி.ஐ.என். (ஒவ்வொரு சான்றிதழுக்கும் வாங்கும் தனி அடையாள எண்) இல்லாமல் சான்றிதழ் வெளியே போகக் கூடாது. 2019 பிப்ரவரி 1 முதல் அது கட்டாயம்.

கிளையண்டுக்குத் தமிழில் எழுதலாமா?

எழுத வேண்டும் என்றே சொல்வேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவருக்கு, சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்கு, நோட்டீசின் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதி அனுப்பினால், அவரே சரியான பில்லைத் தேடி எடுத்துக் கொடுப்பார். ஆனால் தூய தமிழ் என்று "உள்ளீட்டு வரி வரவு மீளெடுப்பு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அவர் ஐ.டி.சி. ரிவர்சல் என்றுதான் பேசுகிறார். இதைவிட ஆங்கிலமே மேல் என்று நினைத்துவிடுவார். தமிழில் வாக்கியம், அவர் வாயில் புழங்கும் சொல். அண்ணாச்சி என்று நேரில் கூப்பிட்டாலும் எழுத்தில் "ஐயா" என்று போடுங்கள், பின்னால் கோப்பில் இருக்கப் போகிற கடிதம்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதாதா?

நினைவூட்ட வாட்ஸ்ஆப், பதிவுக்கு மெயில். கிளையண்ட் வாய்ஸ் மெசேஜில் ஒரு முடிவைச் சொன்னால், அன்றே "இன்று காலை நீங்கள் சொன்னபடி இந்தத் தொகையைத் தேய்மானத்தில் சேர்க்கிறோம்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

ஏ.ஐ.யிடம் எழுதச் சொல்லலாமா?

மொழியைத் திருத்த உதவும். தீர்ப்பு தேடிக் கொடுக்கச் சொன்னால் இல்லாத தீர்ப்பையும் எண்ணோடு எழுதிக் கொடுக்கும். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போட்ட ஓர் உத்தரவே, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்தது தெரியவந்து திரும்பப் பெறப்பட்டது. இன்னொன்று, கிளையண்டின் பெயர், பான், தொகையோடு நோட்டீசை அப்படியே ஏற்றாதீர்கள். அனுமதியில்லாமல் கிளையண்ட் விவரத்தை வெளியே விடுவதும் நான் மேலே சொன்ன அதே இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

இதெல்லாம் எங்கே கற்றுத் தருகிறார்கள்?

2017-இல் வந்த பாடத்திட்டத்தில் சி.ஏ. ஃபவுண்டேஷனில் வணிகக் கடிதமும் அறிக்கையும் எழுதுவதற்கு 40 மதிப்பெண் இருந்தது. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், மனப்பாடம் செய்து எழுதினாலும் ஒரு வடிவம் கையில் பதிந்திருக்கும். ஐ.சி.ஏ.ஐ. (பட்டயக் கணக்காளர் கழகம்) நடத்தும் பயிற்சிகளில் தகவல் தொடர்புக்கு இடம் உண்டு, ஆனால் சில நாட்களில் எழுத்து வந்துவிடாது.

நல்ல பள்ளிக்கூடம் உங்கள் ஆபீஸ் அலமாரிதான். முடிந்துபோன நோட்டீஸ் கோப்பு ஒன்றை எடுங்கள். நோட்டீசை மட்டும் படித்துவிட்டு, ஆபீஸ் கொடுத்த பதிலைப் பார்க்காமல் நீங்களே ஒரு பதில் எழுதுங்கள். பிறகு அசலோடும், கடைசியில் வந்த உத்தரவோடும் வைத்துப் பாருங்கள். எந்த விளக்கத்தை அதிகாரி ஏற்றார், எதைத் தள்ளினார் என்று உத்தரவே சொல்லிவிடும். வாரம் ஒரு கோப்பு போதும்.

அனுப்பிய பிறகு தொகை தப்பு என்று தெரிந்தால்?

மெயிலைத் திரும்பப் பெற முயலாதீர்கள். அதைப் பார்த்துத்தான் பலர் முதல் மெயிலைத் திறந்தே பார்ப்பார்கள். அதே மெயில் தொடரில், அன்றே எழுதுங்கள்: "காலை 11.20-க்கு அனுப்பிய கணக்கில் இருப்பு ரூ.4,36,000 என்று இருந்தது. சரியான தொகை ரூ.4,63,000. எண்களை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன். இத்துடன் உள்ள தாள் முந்தையதற்குப் பதிலானது." வருத்தம் தெரிவிக்க ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இங்கே 27,000.